எட்டுக் கொம்பு ரவுட்டர்

வாண்டுவின் வீடு ரயில் பெட்டிகளைக் கோத்தது போல நீளமானது. முன்னறை, அதற்குப் பின்னால் சாப்பாட்டு அறை, பிறகு சமையலறை, கடைசியில் அண்ணனின் அறை. தெருவிலிருந்து வரும் இணையக் கம்பி முன்னறைக்குள் நுழைந்து, அங்கே ஒரு பழைய ரவுட்டரில் முடிந்தது.

அண்ணனுக்குக் காது கேட்காது. வீட்டில் எல்லோரும் அவனோடு கையால்தான் பேசுவார்கள். அம்மாவின் கைகள் படபடவென்று பேசும். அப்பா பேருந்து ஓட்டுபவர். பெரிய ஸ்டியரிங்கைப் பிடித்துப் பழகிய அவருடைய கைகள் மட்டும் கொஞ்சம் திக்கும்.

அண்ணனின் நண்பன் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டான். அவனுக்கும் காது கேட்காது. தினமும் மாலையில் இருவரும் வீடியோவில் பேசிக்கொள்வார்கள். முன்னறையில் உட்கார்ந்து பேசேன் என்று அம்மா பல முறை சொல்லியிருக்கிறார். அண்ணன் கேட்கவில்லை. வாயால் பேசுகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்ளலாம். கையால் பேசுகிறவர்கள் எப்படித் தாழ்த்துவது? முன்னறையில் பேசினால் வீடே அந்த ரகசியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆனால் கடைசி அறைக்குப் போவதற்குள் இணையத்துக்கு மூச்சு வாங்கியது. நண்பனின் கை பாதியில் உறைந்து நிற்கும். அண்ணன் காத்திருப்பான். பிறகு படம் மறைந்துவிடும்.

சென்ற வாரம் அப்படித்தான் ஆயிற்று. 'ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்' என்று நண்பன் கையால் சொன்னான். படம் உறைந்தது. அந்த வாக்கியத்தின் மீதியாக அவன் 'என்று சொல்லியிருந்தேனே, முடியாது போலிருக்கிறது' என்று சொன்னது வந்து சேரவே இல்லை. சொல்லிவிட்டோம் என்று அவன் நினைத்துக்கொண்டான். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுவதும் பேருந்து நிலையத்தில் நின்றுவிட்டு வந்தான்.

அன்றிலிருந்து மாலையில் அவன் கணினியைத் திறக்கவில்லை. கட்டிலில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாண்டு இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். மூன்றாவது தடவை அப்பாவிடம் போய் நின்றாள்.

"அப்பா, வேற ரவுட்டர் வாங்கணும்."

அப்பாவுக்கும் அந்த ஆசை ஏற்கெனவே இருந்தது. அன்றைக்கே வாண்டுவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். அங்கே கண்ணாடி அலமாரியில், கவிழ்த்துப் போட்ட சிலந்தி போல ஒன்று இருந்தது. எட்டு ஆன்டெனா. அப்பா அவற்றைக் கொம்பு என்றுதான் சொன்னார். இவ்வளவு கொம்பு இருந்தால் பக்கத்துத் தெருவரைக்கும் பாயும் என்பது அவருடைய கணக்கு. கடைசி அறைக்கு வருமா என்று வாண்டு கேட்டாள். சுவரைப் பொறுத்தது என்றார் கடைக்காரர். வீட்டில் வைத்துப் பாருங்கள், சரிப்படாவிட்டால் மாற்றித் தருகிறேன் என்றும் சொன்னார்.

பெட்டியைத் திறந்ததும் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"எட்டுக் கொம்பா? மாடே ரெண்டை வெச்சுக்கிட்டுத்தான் பொழைக்குது."

அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரவுட்டரை மாட்டினார். கைபேசியோடு கடைசி அறைக்குப் போய், முன்னறையில் இருந்த அம்மாவை இணையம் வழியாக அழைத்தார்.

"கேக்குதா?"

"கேக்குது."

"நல்லாக் கேக்குதா?"

"போன் இல்லாமலே கேக்குது. மெதுவாப் பேசுங்க."

அப்பாவின் முகம் மலர்ந்தது. கதை முடிந்தது என்றார்.

வாண்டுவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. பழைய ரவுட்டர் வாங்கிய நாளிலும் அப்பா இப்படித்தான் 'கேக்குதா' என்று கேட்டுப் பார்த்திருப்பார். அன்றைக்கும் கேட்டிருக்கும். அண்ணனின் அறையில் இணையம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, எல்லோரும் காதையே வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார்கள்.

"அப்பா, இப்ப வாயைத் திறக்காம பேசுங்க," என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு முன்னறைக்குப் போய், கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்து, அண்ணனை வீடியோவில் அழைத்தார். வாண்டு அண்ணனின் அறை வாசலில் நின்றுகொண்டாள். அப்பா யோசித்து, கைகளைத் தூக்கி, நிதானமாகப் பேச ஆரம்பித்தார்.

அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, சமையலறையையும் சாப்பாட்டு அறையையும் தாண்டி ஓடினான். வாண்டுவும் பின்னால் ஓடினாள்.

முன்னறையில் அண்ணனின் கைகள் கோபமாகப் பறந்தன. என் சைக்கிளை ஏன் கொடுத்தீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டான்.

அப்பா திகைத்துப்போனார். "யாருக்கும் கொடுக்கலைடா. 'பக்கத்து வீட்டுல உன் சைக்கிளைக் கேட்டாங்க, கொடுக்கலை'ன்னுதானே சொன்னேன்?" பதற்றத்தில் வாயாலேயே சொல்லிவிட்டு, பிறகு கையாலும் சொன்னார்.

கையால் பேசும்போது 'இல்லை' கடைசியில் தனியாக வரும். 'கொடுக்கிறது' என்பதுவரை மட்டும்தான் கடைசி அறைக்குப் போயிருந்தது. 'இல்லை' முன்னறையிலேயே தங்கிவிட்டது.

அப்பா தன் கைகளைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். அவன் பேருந்து நிலையத்தில் நின்ற அந்த மதியம் அவருக்கு இப்போதுதான் புரிந்தது போலிருந்தது. எட்டுக் கொம்பையும் ஒவ்வொன்றாக மடக்கிப் பெட்டியில் வைத்தார்.

இந்த முறை அண்ணனும் கடைக்கு வந்தான். வாண்டு ஒரு தாளில் வீட்டை வரைந்து காட்டினாள். எந்தச் சுவரில் குளிர்சாதனப் பெட்டி நிற்கிறது, எங்கே இரும்பு அலமாரி இருக்கிறது என்று அண்ணன் கோடு போட்டான். பேச்சுக் கேட்டால் போதாது, கை தெரிய வேண்டும் என்று வாண்டு சொன்னாள். கடைக்காரர் தலையாட்டிவிட்டு, சோப்புப் பெட்டி போன்ற இரண்டு வெள்ளைப் பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று கம்பி வரும் இடத்துக்கு. அது அனுப்புவதை வாங்கி இன்னும் உள்ளே தள்ளிவிட இரண்டாவது.

அப்பா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு கொம்புகூட இல்லையே."

"கொம்பு முட்டுறதுக்குப்பா. பேசறதுக்குக் கை போதும்," என்றாள் வாண்டு.

வீட்டுக்கு வந்ததும் இரண்டாவது பெட்டியை நேராக அண்ணனின் அறைக்குள் வைத்தார்கள். படம் மறுபடி உறைந்தது. அங்கே அதற்கே ஒன்றும் வந்து சேரவில்லை. வாண்டு அதைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். சமையலறையில் வைத்துப் பார்த்தாள், சரிப்படவில்லை. சாப்பாட்டு அறையில் தட்டுகள் அடுக்கும் பலகையின் மேல் வைத்தாள். அண்ணன் கடைசி அறையிலிருந்து திரையைப் பார்த்தபடி கட்டைவிரலை உயர்த்தினான். முன்னறையில் அப்பா ஒரு நீளமான வாக்கியத்தைக் கையால் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தார். அவர் திக்கியதுகூட முழுதாக வந்து சேர்ந்தது.

அன்று மாலை அண்ணன் கணினியைத் திறந்தான். நண்பன் திரையில் வந்தான். ஞாயிற்றுக்கிழமை காத்து நின்றதை அண்ணன் சொன்னான். பிறகு நண்பன் மன்னிப்புக் கேட்டான். அண்ணன் பேருந்து நிலையத்தில் தன்னைப் பயணச்சீட்டுப் பரிசோதகர் என்று நினைத்து ஒருவர் ஓட்டம் பிடித்ததை நடித்துக் காட்டினான். நண்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு ஓர் இடத்திலும் உறையவில்லை.

வாண்டு அங்கேயே நிற்காமல் திரும்பி வந்துவிட்டாள். ரகசியம் ஏதாவது இருக்கலாம்.

சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அம்மா போய், அண்ணனைக் கூப்பிட அவன் அறை விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார். அண்ணன் திரும்பவே இல்லை. இடது கையைப் பின்னால் நீட்டி, 'கொஞ்சம் பொறுங்கள்' என்று அம்மாவிடம் சொன்னான். வலது கை நண்பனோடு பேசிக்கொண்டே இருந்தது.