ஆகப் பெரிய கோப்பு

படகை அவிழ்க்கும் முன், கவசத் தொப்பியை மாட்டும் முன், மாசிலாமணி வழக்கம்போலக் காதுக்குப் பின்னால் இரண்டு தட்டுத் தட்டினார். அங்கே தோலுக்கடியில் பதித்திருந்த நினைவுச்சில்லிலிருந்து, இறந்துபோன மனைவி அமிர்தவல்லி அதட்டினாள்.

"என்னங்க, காத்து மாறுது! முதல்ல பாயைச் சுருக்குங்க, அப்புறம் திருப்புங்க. காதுல விழுதா?"

சனியின் துணைக்கோளான டைட்டனில், மீத்தேன் கடலில், இருவரும் கடைசியாகப் பாய்ப்படகில் போன நாளின் பதிவு அது. சுக்கான் பிடித்தவள் அவள். இவர் சும்மா உட்கார்ந்து வந்தவர். ஆறு வருடமாக அந்த அதட்டலைக் கேட்டால்தான் அவருக்குப் பொழுது விடியும். சொன்னது எதுவும் மண்டையில் ஏறியதில்லை. குரல் போதும் அவருக்கு.

காற்று சாதுவாக இருந்ததால் எப்படியோ நடுக்கடல்வரை வந்துவிட்டார். அங்கே பழுப்பு வானம் திடீரென்று கறுத்தது. துறைமுகக் காவலில் இருந்த மைத்துனர் சாம்பசிவம் வானொலியில் அலறினார்.

"மச்சான், சூறைக்காத்து வருது! படகோட்டுற திறன்பொதி அனுப்புறேன், உடனே சில்லுல ஏத்திக்குங்க!"

பொதி வந்தது. சில்லு பணிவாகக் கேட்டது: 'இடம் போதவில்லை. ஆகப் பெரிய கோப்பை நீக்கலாமா?'

பாய் படபடத்தது. படகு ஒருபக்கம் சாய்ந்து, மீத்தேன் முழங்காலுக்கு ஏறியது. இந்த நேரத்தில் யார் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? படிக்காமல் 'சம்மதம்' சொல்வது அவருக்குப் பரம்பரைப் பழக்கம். சொன்னார்.

உடனே கைகளுக்கு வித்தை வந்துவிட்டது. முதலில் பாயைச் சுருக்கினார். அப்புறம் திருப்பினார். அவ்வளவுதான் விஷயம். எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது.

கரையில் காற்றடைத்த கூடத்துக்குள் நுழைந்து தொப்பியைக் கழற்றியதும் காதுக்குப் பின்னால் தட்டினார். சத்தமில்லை. மறுபடி தட்டினார். "வல்லி... ஒரு தடவை திட்டேன்" என்று கெஞ்சினார். எதைக் கொடுத்து உயிர் பிழைத்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. குலுங்கி அழுதார்.

நகல் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்காதா என்று சில்லைத் துழாவினார். ரோஜாப்பூக்கள் வந்தன. ஆவி பறக்கும் காபி டம்ளர்கள், மலைக்கு நடுவில் உதிக்கும் சூரியன்கள். பதினாறு நாளுக்கு ஒருமுறை விடியும் ஊரில், சொந்தக்காரர்கள் தினம் தவறாமல் அனுப்பிய நாற்பத்தோராயிரம் காலை வணக்கங்கள். ஒன்றைக்கூட அவர் அழித்ததில்லை. எல்லாம் சேர்ந்து மூன்று அமிர்தவல்லிகளின் இடத்தை அடைத்திருந்தன.

சில்லு 'டிங்' என்றது. சாம்பசிவத்திடமிருந்து ஒரு சிவப்பு ரோஜா: 'இனிய காலை வணக்கம்.'

மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு கும்பிடு அனுப்பினார்.