தூர வலை

கையிலிருந்த குருவி நனைந்திருந்தது.

மழை பெய்து பல நாட்கள் ஆகிவிட்டன. குடிலுக்குப் பின்னால் நாணல் ஓரமாகக் கட்டியிருந்த வலையிலிருந்துதான் அவள் அதைச் சற்றுமுன் விடுவித்து எடுத்து வந்தாள். அங்கே நாணல் சருகாகிக் காய்ந்து, தொட்டாலே முறிகிற நிலையில் நின்றது. துணிப்பைக்குள் கைவிட்டபோதுதான் அந்த ஈரம் விரலில் பட்டது. சின்னக் கதிர்க்குருவி, கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத எடை. கழுத்தை இரண்டு விரல்களுக்கிடையே வாகாகப் பிடித்து மல்லாத்தினால் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள வேண்டும். இது அடங்கிக் கிடந்தது. நெடும்பயணத்துக்குக் கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று பார்க்க வயிற்று இறகுகளை ஊதி விலக்கினாள். ஒரு துளி தெறித்து அவள் உதட்டில் பட்டது.

உப்புக் கரித்தது.

காலில் எண் பொறித்த அடையாள வளையத்தை மாட்டி, இடுக்கியால் அழுத்தி, ஜன்னலைத் திறந்து கையை விரித்தாள். குருவி உடனே பறக்கவில்லை. உள்ளங்கையில் உட்கார்ந்து அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, நாணல் பக்கம் திரும்பாமல், அந்த இனம் ஒருபோதும் போகாத கடல் பக்கமாகத் தாழ்ந்து பறந்து மூடுபனிக்குள் மறைந்தது.

அவள் ஜன்னலைச் சாத்தினாள். அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் இப்போதெல்லாம் உட்காருகிறாள். அதற்கு வெளியே சேற்றுவெளி. சேற்றுவெளியின் கோடியில், ஏறிவரும் தண்ணீரோடு கரைக்கு ஒதுங்கும் உள்ளான் பறவைகளைப் பிடிப்பதற்காகக் கம்பங்களில் கட்டிய வலை. அதைத் தூர வலை என்பார்கள். தேடிப்போன ஆட்கள் அதைச் சுருட்டிக் கட்டிவிட்டு வந்திருந்தார்கள். இலையெல்லாம் உதிர்ந்து கடைசிப் பறவைக் கூட்டங்களும் கிளம்பிக்கொண்டிருக்கும் இந்த வாரத்துக்குள் அதைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லி அதிகாரி உத்தரவு போட்டிருந்தார். முதல் நாள் தலைவலி என்றாள். மறுநாள் பூட்ஸ் கிழிந்துவிட்டது என்றாள்.

அக்காவின் கணவரை அங்கேதான் தண்ணீர் கொண்டுபோனது.

பறவைக் காப்பகத்தின் காவலர் அவர். நீளக் கால், நீளக் கழுத்து. எல்லோருக்கும் அவர் கொக்கு. அவளுக்கு மட்டும் அத்தான். அவளுக்கு இந்த வேலை கிடைக்க அலைந்தவரும் அவர்தான். அன்று அதிகாரி விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு குடிலுக்கு வந்திருந்தார். பார்வைக் கோபுரத்திலிருந்து அத்தான் வாக்கி-டாக்கியில் கேட்டார்: "தண்ணி ஏறப்போகுது. தூர வலையை மூடிட்டியாம்மா?"

"மூடிட்டேன் அத்தான்."

மூடவில்லை. விருந்தாளிகள் போனதும் ஓடிப்போய்ச் சுருட்டி மூடிவிடலாம் என்று நினைத்தாள். தண்ணீர் ஏறினால் மூழ்கிவிடும் பறவைகள் வலையில் தொங்குவதை அவர் மேலேயிருந்து பார்த்திருக்க வேண்டும். அதிகாரி முன்னால் அவளைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், ஒரு வார்த்தை சொல்லாமல் தானே இறங்கிப் போயிருக்கிறார். அப்புறம் மூடுபனி வந்தது. அதற்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. "இங்க தண்ணி ஏறிடுச்சு. கரை எந்தப் பக்கம்னே தெரியல. கொஞ்சம் குடில் மணிய அடிம்மா, சத்தத்தை வச்சு வந்துடறேன்."

அதிகாரி அவள் தோளருகே தேநீர்க் கோப்பையோடு நின்று விருந்தாளிகளிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். மணியடித்தால் எதற்கு என்பார். மூடிய வலைக்கு அவர் ஏன் போனார் என்பார்.

அவள் ஒலியைக் குறைத்தாள்.

அதிகாரி காரில் ஏறும்வரைக்கும்தான் என்று நினைத்தாள். வாசலில் படம் எடுத்துக்கொண்டார்கள். யாரோ குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். மறுபடி ஒலியைக் கூட்டியபோது வெறும் இரைச்சல்தான் இருந்தது. அதற்குப் பிறகு உள்ளங்கை கிழிகிற வரைக்கும் மணியடித்தாள். தேடிப்போனவர்களுக்கு உடம்புகூடக் கிடைக்கவில்லை. கட்டுப்போட்ட அந்தக் கையைப் பிடித்துத்தான் அக்கா கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். நீ இல்லாட்டி அந்த அளவுக்குக்கூட யார் பண்ணியிருப்பாங்க என்றாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. அக்காதான். ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் சாம்பல் நிற ஸ்வெட்டர்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"பொய்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மூஞ்சியைப் பாத்தாலே தெரியுதே. இந்தா, இதைப் போட்டுக்க. குளிர்ல வெறைச்சுப்போய் உக்காந்திருக்க. அவரோடதுதான். அங்க சும்மாதான கிடக்கு."

ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டாள். போட்டுக்கொள்ளவில்லை. அக்கா தேநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, கடலைப் பார்க்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அந்த மனுஷன் காலுக்கு இடுப்பளவுத் தண்ணியெல்லாம் ஒரு கணக்கான்னு கிண்டல் பண்ணுவேன்," என்றாள். கொஞ்சம் சிரித்தாள்கூட. "ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கவே இல்ல. வலையைத்தான் நீ மூடிட்டியே. அப்புறம் அவருக்கு அங்க என்ன வேலை?"

"தெரியலக்கா."

எத்தனையாவது தடவையோ. ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தை இன்னும் சுலபமாக வந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கைக்கு வேலை கொடுக்க எழுந்து கொக்கியிலிருந்து அடுத்த குருவிப் பையை எடுத்தாள். கனத்தது. அடித்துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அது ஏன் இப்படிச் சொட்டுது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கொக்கிகளில் வரிசையாகத் தொங்கிய எல்லாப் பைகளும் சொட்டிக்கொண்டிருந்தன. மரத்தரையில் அங்கங்கே கறுப்பாக ஈரம் படர்ந்திருந்தது. ஒரு பைகூட அசையவில்லை. ஒரு கீச்சொலி இல்லை. சேறும் அழுகிய பாசியும் கலந்த வாடை, தண்ணீர் வற்றும்போது மட்டும் வெளியிலிருந்து வருகிற வாடை, அறைக்குள்ளிருந்தே எழுந்தது. சொட்டுச் சத்தம் மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

மேஜைமேலிருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது.

அதன் ஜோடி கடலுக்குள் போய்விட்டது. அவர் சட்டைப்பையில்.

"மூடிட்டியாம்மா?"

கோபமில்லை. அவசரமில்லை. சோறு போடட்டுமா என்று கேட்பதுபோல அத்தனை சாதாரணமாக இருந்தது குரல். அவள் யோசிக்கும் முன்பே கை போய்விட்டது. விரல் குமிழைத் திருகிவிட்டது.

அறை அமைதியானது.

"ஏன் குறைச்ச?" என்றாள் அக்கா.

"வெறும் இரைச்சல்க்கா. வேற ஏதோ படகுக்காரங்க பேசறது."

"அவர் குரல் எனக்குத் தெரியாதா?"

"அக்கா, உக்காரு."

அக்கா உட்காரவில்லை. அவள் முகத்தில் இத்தனை நாளும் இல்லாத ஒரு வெளிச்சம் வந்திருந்தது. கல்யாணமான புதிதில் அவர் சைக்கிள் சத்தம் கேட்டு வாசலுக்குப் போகும்போது இருந்த முகம். "வழி தெரியாமத்தான் நிக்கிறாரு," என்றாள். "நான் சொன்னேன்ல, அவருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு."

கதவு திறந்தது. பனி உள்ளே வந்தது. அக்கா வெளியே போனாள்.

அவள் ஓடினாள். படியில் வழுக்கி விழுந்து எழுந்தாள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது, வானம், பனி, சேறு மூன்றும் ஒரே சாம்பலாக இருந்தன. முன்னால் அக்கா சேற்றிலிருந்து கால்களைப் பிடுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் மாறியது. சேற்றுச் சத்தம் போய்த் தண்ணீர்ச் சத்தம் வந்தது. அவள் கணுக்காலையும் குளிர் தொட்டது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"அக்கா."

"இங்கதான் இருக்காரு," என்றது அக்காவின் குரல், வெகு தூரத்திலிருந்து. சந்தோஷமாக.

முழங்கால் வரை நனைந்தது. பனி சற்றே விலகியது. கம்பங்கள் தெரிந்தன.

வலை விரிந்திருந்தது.

சுருட்டிக் கட்டியிருந்த வலை. அதன் நடுவில் ஏதோ விழுந்து சிக்கியதைப்போல நூல்கள் புடைத்து நின்றன. நீளமான கால்கள். குனிந்த தோள். நீளக் கழுத்து. உள்ளே எதுவும் இல்லை. கறுப்பு நூலின் ஊடாகப் பின்னாலிருந்த தண்ணீர் தெரிந்தது. உடம்பு இல்லை. உடம்பின் வடிவம் மட்டும். அதன்மேல் அங்கங்கே கதிர்க்குருவிகள் தலைகீழாகத் தொங்கின. நனைந்து. உயிரோடு. ஒவ்வொன்றின் காலிலும் அவள் போட்ட வளையம்.

அக்கா அதைக் கட்டிப்பிடித்திருந்தாள். முகத்தைப் புதைத்திருந்தாள். "ஐயோ, எப்படிச் சில்லிட்டுப் போயிருக்கீங்க," என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

வலையிலிருந்து இரண்டு கைகள் புடைத்து எழுந்தன. அக்காவின் முதுகைச் சுற்றி மெதுவாக இறுகின. நூல் சேலைக்குள் அழுந்தியது. அக்கா விலகப் பார்க்கவில்லை.

தண்ணீர் அவர்கள் இடுப்பைத் தொட்டது.

அவள் ஓர் அடி முன்னால் வைத்தாள். கத்தினாள்.

"அது அவர் இல்லக்கா. விட்டுட்டு வா. நான் வலையை மூடல. மூடிட்டேன்னு பொய் சொன்னேன். அவர் கூப்பிட்டாரு, மணியடின்னு கூப்பிட்டாரு. நான்தான் கேக்காத மாதிரி குறைச்சு வச்சேன். அவர் செத்துட்டாருக்கா. என்னாலதான். வந்துடு."

தண்ணீர் அசைந்தது. வேறு சத்தமில்லை.

அக்கா அந்தத் தோளிலிருந்து முகத்தை எடுத்து, மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தாள்.

அக்காவின் தலைக்கு மேலே வலையும் திரும்பியது. நூல் இழுபட்டு ஒரு நெற்றி புடைத்தது. மூக்கு. தாடை. பார்வை இருக்க வேண்டிய இடத்தில், அவளை நோக்கி, வலைக்கண்கள் இரண்டு மெல்ல விரிந்துகொண்டே போயின.