மேல் வார்டு கேட்ட அனுமதி

பஸ் அடிவாரத்தைத் தாண்டும்போது நல்ல வெயில். பாதி மலை ஏறியதும் டிரைவர் ஹெட்லைட்டைப் போட்டார். ஏற்காட்டில் இறங்கியபோது மணி இரண்டுதான் ஆகியிருந்தது, ஆனால் ஏரி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. நவம்பர் பனி கடைகளின் ஷட்டர் வரைக்கும் வந்து நின்றிருந்தது.

என் பெயர் சாஜிதா. சேலத்தில் வீட்டிலிருந்தபடியே புரோகிராம் எழுதுகிறேன். வெள்ளக்கடை போகிற ரோட்டில் இருக்கும் அந்த நர்சிங் ஹோமுக்கு மூன்று வருடம் முன்பு மணி அடிக்கும் ஏற்பாடு ஒன்றைச் செய்து கொடுத்தேன். நோயாளி படுக்கை ஓரத்துச் சுவிட்சை அழுத்தினால் அந்த வார்டுச் சுவரில் இருக்கும் டேப்லெட் வழியாகச் செய்தி போய் நர்சு மேசைத் திரையில் சிவப்பாக எரியும், மணி அடிக்கும்; நர்சு வந்து சுவிட்சில் இருக்கும் பச்சைப் பட்டனை அழுத்தினால் நிற்கும். தனியாக நான் எடுத்துச் செய்த முதல் வேலை. எல்லாமே சேலத்திலிருந்து செய்தது. கட்டடத்தை நான் பார்த்ததே இல்லை.

பழைய எஸ்டேட் பங்களா அது. கீழே இரண்டு வார்டு. மூலையில் ஒரு மரப்படி மேலே போய் இருட்டில் முடிந்தது.

மேனேஜர் மரியஅந்தோணி வாசலுக்கே வந்தார். ஐம்பது வயதிருக்கும், கழுத்து வரை பட்டன் போட்ட ஸ்வெட்டர்.

"வாங்க மேடம். நர்சு டேபிளுக்குப் புது டேப்லெட் வாங்கிட்டோம். அதுல ஒண்ணுமே வர மாட்டேங்குது. அஞ்சு மணிக்கு முன்னாடி முடிச்சுருங்க, கடைசி பஸ்ஸுக்கு சிரமமாயிரும்."

சேலத்துக்குக் கடைசி பஸ் எட்டரைக்கு என்று எனக்குத் தெரியும்.

நர்சு மேசையில் செல்வி அக்கா இருந்தார். ஒல்லியான உடம்பு, நரைத்த வகிடு. "டீ குடிக்கறீங்களா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் மரப்படியை ஒருமுறை பார்த்தார்.

புது டேப்லெட்டின் கோளாறு பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஒரு முகவரியில் திறந்த பக்கம் வேறொரு முகவரியில் இருக்கிற சர்வரோடு பேச பிரவுசர் சும்மா விடாது. முதலில் ஒரு சின்னக் கேள்வி அனுப்பும்: 'இன்ன இடத்திலிருந்து வருகிறேன், உள்ளே வரலாமா?' சர்வரிடம் ஒரு பட்டியல் இருக்கும். அந்த இடத்தின் பெயர் பட்டியலில் இருந்தால் 'வா' என்று சொல்லும். இல்லையென்றால் உண்மையான செய்தி கிளம்பவே கிளம்பாது. கேட்டது மட்டும் சர்வரின் பதிவில் ஒரு வரியாகக் கிடக்கும். புது டேப்லெட்டின் முகவரியைப் பட்டியலில் சேர்த்தால் போதும், ஐந்து நிமிட வேலை.

சேர்ப்பதற்கு முன்னால் என் லேப்டாப்பில் பதிவைத் திறந்து பார்த்தேன். புது டேப்லெட் கேட்டுக் கேட்டுத் திரும்பிய வரிகள் இருந்தன. அவற்றுக்கு நடுவில் இன்னொரு பெயரும் இருந்தது.

மேல்வார்டு.

மூன்று பத்துக்கு ஒரு வரி. மூன்று பதினாறுக்கு ஒன்று. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்று இருபத்தொன்றுக்கு இன்னொன்று வந்து விழுந்தது. எல்லாவற்றுக்கும் அனுமதி மறுக்கப்பட்டிருந்தது.

"அக்கா, மேல யார் இருக்காங்க?"

செல்வி அக்கா ஊசி மருந்துத் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். கை நின்றது. "ஆரும் இல்லீங்களே. பூட்டி மூணு வருசமாச்சு."

"அங்கேயிருந்து மணி அடிக்கப் பார்க்கறாங்க."

தட்டை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போய்விட்டார்.

எனக்குச் சந்தேகம் வந்தது. மேல் வார்டின் பழைய டேப்லெட்டை யாரோ எடுத்து எங்கேயோ மாட்டியிருக்கிறார்கள். இல்லையென்றால் அந்தப் பெயரை வைத்து யாரோ விளையாடுகிறார்கள். மரியஅந்தோணியிடம் மேல் வார்டைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"எதுக்குங்க மேடம்? அங்க கரண்டே இல்ல."

"கரண்ட் இல்லாத இடத்திலிருந்து எப்படி சார் வருது?"

அவர் ஸ்வெட்டர் பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி அங்கேதான் இருந்தது. நர்சிங் ஹோமின் மற்ற சாவிகளெல்லாம் சுவரில் ஆணியில் தொங்க, இது ஒன்று மட்டும் ஏன் இவர் பையில் இருக்கிறது?

மரப்படி ஒவ்வொன்றும் ஈரத்தில் ஊறியிருந்தது. கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. நான்கு இரும்புக் கட்டில்கள், மெத்தை இல்லை. பனி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு உள்ளே பார்ப்பதுபோல் இருந்தது. பூஞ்சை வாடை. அதற்கு அடியில் வெற்றிலை வாடை.

இப்போதுதான் மடித்து மென்ற வெற்றிலை.

சுவரில் பழைய டேப்லெட் இருந்தது. பேட்டரி உப்பி, கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. ஒயரை யாரோ வெட்டியிருந்தார்கள். அதைக் கழற்றிப் பின்பக்கம் கருவி எண் இருந்த ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்தேன். மரியஅந்தோணி வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவே இல்லை.

"பார்த்தாச்சுல்ல, வாங்க," என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

கீழே வந்து பார்த்தேன். நாங்கள் மேலே நின்றிருந்த நான்கு ஆறுக்கு ஒரு வரி விழுந்திருந்தது.

அந்த வரி எந்தக் கருவியிலிருந்து வந்தது என்று ரவுட்டரில் தேடினேன். எண் கிடைத்தது. போட்டோவில் இருந்த ஸ்டிக்கர் எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன்.

அதே எண்.

என் கையில் இருந்த டீ ஆறிப்போயிருந்தது. பதிவைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். நேற்றும் இருந்தது, முந்தாநாளும் இருந்தது. போன மாதம், போன வருடம். ஒவ்வொரு நாளும் மூன்று பத்துக்குத் தொடங்கி ஐந்து இருபதுக்கு முடிந்தது. எண்ணினேன். ஒவ்வொரு நாளும் நாற்பத்தொன்று. முதலில் ஐந்தாறு நிமிடத்துக்கு ஒன்று. நான்கரைக்கு மேல் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று, சில நேரம் நிமிடத்துக்கே ஒன்று. ஐந்து மணிக்குப் பிறகு இடைவெளி நீண்டது. ஐந்து இருபதுக்குக் கடைசி.

அதற்குப் பிறகு அன்றைக்கு எதுவும் இல்லை.

முதல் நாள் மூன்று வருடம் முன்பு ஜூலை பதினான்கு.

செல்வி அக்காவை மருந்து அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். "ஜூலை பதினாலு என்ன நடந்துச்சுங்க்கா?"

அவர் என்னையே பார்த்தார். என்னை உளவு பார்க்க அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

"மறுபடியும் விசாரணைங்களா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொன்னார். "வேலம்மாள்னு ஒரு அக்கா. எஸ்டேட்ல காப்பிப் பழம் பொறுக்கற வேலை. எப்பவும் வாயில வெத்தலை. ஆபரேசன் முடிஞ்சு நல்லாத்தான் இருந்தாங்க. கீழ எடம் இல்லைன்னு அன்னைக்கு மத்தியானம் மேல மாத்துனோம். அன்னைக்குத்தான் அந்த வார்டையே தொறந்தாங்க. நொம்ப மழைங்க கண்ணு. ரோட்டுல மரம் சாஞ்சு, மருந்து வாங்கப் போன அவங்க ஊட்டுக்காரரு காளியண்ணன் சேலத்துலயே மாட்டிக்கிட்டாரு. கீழ ரெண்டு வார்டுக்கும் நான் ஒருத்தி. எதாச்சும்னா மணி அடிப்பாங்கன்னு இருந்தேன்."

"அடிக்கலையா?"

"அடிக்கவே இல்லீங்க. ஆறு மணிக்கு டீ எடுத்துட்டுப் போனா..." அவர் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். "உள்ளுக்குள்ளயே ரத்தம் போயிருக்குது. கட்டுல் ஓரமா, கை சுவிட்சு மேலயே இருந்துச்சு. தூங்கீட்டயான்னு எல்லாருமா என்னையத்தான் கேட்டாங்க. மணி அடிக்கலைன்னு நான் சொன்னத ஒருத்தரும் நம்பலை."



வெளியே வந்து அனுமதிப் பட்டியல் இருக்கும் கோப்பைத் திறந்தேன். நான் எழுதியதுதான். அந்த ஜூலை பதினான்கு காலை மரியஅந்தோணி ஃபோன் செய்து, மேல் வார்டு திறக்கிறோம், சேர்த்துவிடுங்கள் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. பத்து நிமிடத்தில் 'சேர்த்தாச்சு' என்று செய்தி அனுப்பியதும் நினைவுக்கு வந்தது. பொய் இல்லை. பட்டியலில் நான்காவதாக மேல்வார்டு இருந்தது.

அதன் கடைசியில் ஒரு சாய்கோடும் இருந்தது.

மற்ற மூன்றிலும் அது இல்லை. எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டும்போது கூடவே வந்திருக்கிறது. பிரவுசர் தன் இடத்தைச் சொல்லும்போது கடைசியில் அந்தக் கோட்டைப் போடாது. ஓர் எழுத்து கூடினாலும் சர்வருக்கு அது வேறு ஆள். ஒரே ஒரு முறை மேலே யாரையாவது சுவிட்சை அழுத்தச் சொல்லிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் சொல்லவில்லை.

நாற்பத்தொரு முறை உள்ளே வரலாமா என்று கேட்டிருக்கிறார். நாற்பத்தொரு முறையும் என் பட்டியல் தெரியாது என்று சொல்லியிருக்கிறது.

மத்தியானம் முழுக்க இவர்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மணி ஐந்து எட்டு. ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்கள் ஒன்றொன்றாக மறைந்துகொண்டிருந்தன.

"செல்விக்கா," என்றேன். "மணி அடிச்சிருக்கு. அவங்க அடிச்சிருக்காங்க. நாந்தான் தப்பா எழுதி வெச்சிருக்கேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. மூன்று வருடமாகத் தூக்கிக்கொண்டிருந்த ஒன்றை எங்கே இறக்குவது என்று தெரியாதவர்போல் நின்றார். அப்புறம் என் லேப்டாப் திரையைப் பார்த்தார்.

"இப்பவும் கேக்கறாங்களா?"

"ஆமா. இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி. அஞ்சு இருவதுக்கு."

"அப்ப உள்ள உடுங்க."

பின்னால் மரியஅந்தோணி நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "வேண்டாம் மேடம்," என்றார். "அந்த ஒயர வெட்டுனது நாந்தான். வெட்டுனதுக்கப்புறமும் சாயங்காலம் மேல சுவிட்ச அமுக்கற சத்தம் கேக்குது. டிக், டிக்னு. என்ன வருதுன்னு தெரியாம கதவத் தொறக்காதீங்க."

"வந்தா என்னங்க?" என்றார் செல்வி அக்கா. "அவங்க என்ற பேசண்டு."

சாய்கோட்டை அழித்தேன். புது டேப்லெட்டின் முகவரியையும் சேர்த்தேன். சேமித்தேன். சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். ஐந்து பதினெட்டு.

மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஐந்து பத்தொன்பது.

ஐந்து இருபது.

கேள்வி வந்தது. சர்வர் முதல் முறையாக 'வா' என்றது.

நர்சு மேசைத் திரை சிவந்தது. மேல் வார்டு, படுக்கை நான்கு. மணி அடித்தது. மூன்று வருடம் முன்பே அடித்திருக்க வேண்டிய மணி அந்தப் பங்களா முழுக்க அடித்தது. கீழ் வார்டில் யாரோ கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்கள்.

செல்வி அக்கா டம்ளரில் வெந்நீர் ஊற்றினார். டார்ச்சை எடுத்தார். மரியஅந்தோணியிடம் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். எந்த நோயாளியின் மணிக்கும் எழுவதுபோலவே எழுந்து படியேறினார். நான் பின்னாலேயே போனேன். மேலே நான்காவது கட்டிலுக்கு அருகில் நின்று, "வந்துட்டேனுங்க்கா," என்றார். "நேரமாயிருச்சு. மன்னிச்சுக்குங்க."

கட்டிலின் இரும்புச் சட்டம், ஒருவர் எழுந்து போனால் எப்படி மேலே எழும்புமோ அப்படி, ஒரு விரற்கடை எழும்பியது.

செல்வி அக்கா சுவிட்சின் பச்சைப் பட்டனை அழுத்தினார். கீழே மணி நின்றது.

அன்றைக்கே நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு மரியஅந்தோணியிடம் கொடுத்தேன். மறுநாள் காலை செல்வி அக்காவோடு எஸ்டேட்டுக்குப் போய்க் காளியண்ணனைப் பார்த்தேன். நான் பேசி முடிக்கும்வரை அவர் தலை நிமிரவில்லை. "அப்ப அவ கூப்புட்டிருக்கறா," என்றார். அதை மட்டும் இரண்டு முறை சொன்னார். என்னைப் போகச் சொல்லவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

அதற்குப் பிறகு பதிவில் மேல்வார்டு வரவே இல்லை. தினமும் மூன்று பத்துக்கு சேலத்திலிருந்து பார்ப்பேன். ஒன்றும் இல்லை. முடிந்துவிட்டது என்று நம்பத் தொடங்கினேன்.

பதினோராம் நாள் மத்தியானம் செல்வி அக்கா ஃபோன் செய்தார்.

"கண்ணு, ஒரு சங்கதி. கீழ் வார்டுல சுகுணான்னு ஒரு புள்ளைங்க. காய்ச்சல்னு சேத்தி ரெண்டு நாளாச்சு. இப்ப மணி அடிச்சா. நான் எந்திரிக்கறதுக்குள்ள மணி நின்னுபோச்சு. ஆரோ போயிப் பச்சைப் பட்டன அமுக்கியிருக்கறாங்க. இங்க என்னையத் தவுத்து வேற நர்சு இல்லீங்க."

"அந்தப் பொண்ணே அமுக்கியிருக்கும்க்கா."

"இருங்க, அவகிட்டயே கேளுங்க."

ஃபோன் கை மாறியது. சின்னப் பெண்ணின் குரல், காய்ச்சல் கலந்த தூக்கக் குரல்.

"ஒரு அக்கா வந்தாங்க. போர்வைய இழுத்துப் போத்தி உட்டாங்க. நெத்தியத் தொட்டுப் பாத்தாங்க."

"எந்த அக்கா? ஏதாவது சொன்னாங்களா?"

"என் பேரு கேட்டாங்க. அப்புறம், மேல தனியா இருக்கேன், கூட வர்றயா கண்ணுன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

அந்தப் பெண் கொஞ்சம் சிரித்தாள்.

"சரின்னு சொல்லீட்டேனுங்க."