பிடிமானியில் விளக்கெண்ணெய்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும், என் நெஞ்சுக்குள் ஓடும் பம்பு இந்த நிமிடமே நிற்கட்டும்.

பாளையங்கோட்டை இதயநோயாளர் குடியிருப்பில் அப்போதெல்லாம் காலையில் வெளியே போக வேண்டுமானால் வாசலில் உள்ள எடைமிதியில் ஏறி நிற்க வேண்டும். எடை குறைந்தால் தசை கரைகிறது என்று கணக்கு, கதவு திறக்காது. தசைக்காவலர் வந்து, தேறும்வரை உள்ளேயே பூட்டிவைத்து முட்டை வெள்ளைக்கரு புகட்டுவார்கள். என் எடை மட்டும் இம்மியும் குறையவில்லை. அந்தப் பெருமையோடு கேரம் இறுதிப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன்.

எதிராளி பக்கத்து வீட்டுத் தாணுமூர்த்தி. போட்டிக்கு முந்தின நாள் வந்தவன், என் முழங்காலுக்குக் கீழே விரலால் அமுக்கினான். விழுந்த குழி நிரம்பாமல் அப்படியே நின்றது.

"என்னவே இது? பூராவும் தண்ணி. உள்ள சதை கரையுது, மேல தண்ணி ஏறுது. எடைமிதிக்கு என்ன தெரியும்?"

"உம்ம சோலியப் பாரும்வே. நாளைக்கு போர்டுல பாப்போம்."

தசைக்காவலரிடம் போய்ச் சொல்லிவிட்டான். மாலைக்குள் என் கதவில் பிடிமானி மாட்டினார்கள். கையின் வலுவை அளந்து திறக்கும் கைப்பிடி அது. மறுநாள் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். கதவு அசையவில்லை. எதிரே ஆளில்லாத பலகையில் தாணுமூர்த்தி கோப்பை வாங்கியதை ஜன்னல் வழியே பார்த்தேன். எனக்குக் கையை வேறு ஆட்டினான்.

ஒரு வருடம் வெள்ளைக்கருவை வஞ்சத்தோடு விழுங்கினேன். தண்ணீர் வற்றித் தசை ஏறியது. என் பிடி தாங்காமல் பிடிமானிகள் வரிசையாக உடைந்தன. கடைசியில் எனக்கென்று தனியாக இரும்பில் வார்த்து அனுப்பினார்கள். அதற்குள் எல்லார் கதவிலும் பிடிமானி வந்துவிட்டது. அடுத்த இறுதிப் போட்டிக்கும் நானும் அவனும்தான். முந்தின சாயங்காலம் அவன் வீட்டில் காப்பி குடித்துவிட்டு, கிளம்பும்போது உள்பக்கக் கைப்பிடியில் விளக்கெண்ணெய் தடவிவிட்டு வந்தேன்.

காலையில் உள்ளிருந்து குரல் கேட்டது. "ஓய், கைப்பிடி வழுக்குதுவே."

"வழுக்கலவே, சதை கரையுது. பிடிமானிக்குத் தெரியாததா உமக்குத் தெரியும்?"

தசைக்காவலர் வந்தார்கள். நான் கோப்பையை வாங்கி, அவன் ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்து நிதானமாகத் துடைத்தேன். இன்றுவரை அவன் கதவு திறக்கவில்லை.

பேனா பிடிக்க என் கைக்கு வலுவில்லாததால், நான் சொல்லச் சொல்ல இவ்வளவையும் என் கட்டிலருகே உட்கார்ந்து எழுதியது தாணுமூர்த்தி.