சயோரியின் இடது முழங்கால்

“இனி என்னை யாரு பாப்பாங்க?” என்று சயோரி கேட்டாள். ஜப்பான் மகளிர் கால்பந்து அணிக்காகக் கடைசி ஆட்டத்தை ஆடி முடித்து, இடது முழங்காலில் பனிக்கட்டிப் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

“நான் இருக்கேன்ல?” என்றேன்.

“நீங்க ஒருத்தர் போதுங்களா?” என்னிடம் கற்ற கோவைத் தமிழில் கேட்டுவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

ஆறு வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது கோவையில், எங்கள் சமையலறையில், காலை ஆறரைக்கு நான் நீட்டும் காபியை அவளோடு நாற்பது லட்சம் பேர் குடிக்கிறார்கள். அவள் காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் உணர்மணி, நாக்கின் கசப்பையும் விரலின் சூட்டையும் காதில் விழும் பேச்சையும் அப்படியே அவர்களுக்குக் கடத்துகிறது. பிரபலமானவர்களை இணையத்தில் வெறுமனே பார்த்த காலம் போய்விட்டது. பந்தை உதைத்த சயோரியைவிடத் துவையல் அரைக்கும் சயோரிக்கு ரசிகர்கள் அதிகம்.

“டிகாக்‌ஷன் இன்னிக்குத் தண்ணியாம்,” என்றாள் சுவர்த்திரையைப் பார்த்தபடி.

“யாரு சொன்னது?”

“பெருவுல ஒரு அம்மா.”

“நாளைக்கு அந்தம்மாவையே வந்து போடச் சொல்லு.”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவள் வயிற்றில் எழுப்பிய குறுகுறுப்பு பெருவரைக்கும் போயிருக்கும். எனக்குச் சத்தம் மட்டும்தான்.

எனக்கு இணைப்பு கிடையாது. ஒரே வீட்டில் இருப்பவர்கள் இணைந்தால் இருவர் உணர்வும் மோதி எதிரொலிக்குமாம்; சட்டமே தடுத்திருக்கிறது. அவளாக இருந்து பார்க்க உலகத்தில் யாருக்கும் உரிமை உண்டு, கட்டியவனைத் தவிர.

காய்கறி வாங்கப் போனேன். கடைக்காரி ரேவதி கத்தரிக்காயை நிறுத்தபடியே கேட்டாள்: “ஏனுங்ண்ணா, அண்ணிக்கு மூணு நாளா இடது முட்டி விண்ணு விண்ணுனு தெறிக்குதே, தைலம் தேச்சு விட்டீங்களா?”

“ம்... விட்டேன்.”

“எங்க விட்டீங்க? எனக்குத் தெரியாதுங்களா?”

சில்லறையை வாங்காமல் நடந்தேன். என் மனைவியின் முழங்காலைப் பற்றிக் கத்தரிக்காய் விற்பவளிடம் நான் பொய் சொல்லி மாட்டிக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் அந்த மணியைப் பிய்த்து எறிய வேண்டும் என்று வழியெல்லாம் கை துடித்தது.

சயோரி அடுப்பருகே நின்றிருந்தாள். உடம்பின் பாரம் முழுக்க வலது காலில்.

“முட்டி வலிக்குதா?”

“இல்லீங்க.”

“ரேவதிக்குத் தெரிஞ்சிருக்கு.”

கரண்டி நின்றது. “அவங்ககிட்ட நான் சொல்லலீங்க. அவங்களுக்குத் தானாத் தெரியுது. உங்ககிட்டன்னா வாயைத் திறந்து சொல்லணும். சொன்னா நீங்க பயப்படுவீங்க.”

என் கை அவள் காது வரை போயிற்று. மணி இளஞ்சூடாக இருந்தது. என் விரல் பட்டது இந்நேரம் நாற்பது லட்சம் பேருக்கும் தெரிந்திருக்கும். நான் பேசுவது அவர்கள் காதிலும் விழுமே என்ற வெட்கத்தில்தான் இத்தனை வருடமும் அவளிடம் மனம்விட்டு எதையும் கேட்காமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கையை எடுத்துக்கொண்டேன்.

“மணி இருந்துட்டுப் போகட்டும், கண்ணு. ஆனா வலிச்சா எங்கிட்டச் சொல்லு. வாயைத் திறந்து சொல்லு. தெரிஞ்சுக்க எனக்கு வேற வழியில்ல.”