மேல் சுவிட்ச்

ஆவூரில் சந்தனராஜ் சார் வீட்டுக்கு நான் போனபோது மாலை ஐந்து மணி. ஓய்வுபெற்ற வாத்தியார். மனைவி ஜெபமாலையம்மாள் இறந்து நான்கு மாதமாகிறது.

"வாங்க லியோன். நான் மாடிப்படி ஏறுனாலே லைட் அணைஞ்சிருது. ஏழாவது படி தாண்ட முடியல. நாலு மாசமா கீழதான் படுக்கிறேன். மகன் டைமர் அனுப்பியிருக்கான், மாட்டிக் குடுங்க."

அந்த விளக்குக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். எதைத் தட்டினாலும் எரியும், எதைத் தட்டினாலும் அணையும். லூஸ் கனெக்‌ஷனாக இருக்கும் என்றேன். இருபது வருடத் தொழிலில் நான் பார்த்த பேயெல்லாம் லூஸ் கனெக்‌ஷன்தான்.

அவர் தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"அன்னிக்கு அவ மேலேர்ந்து எறங்கிக்கிட்டு இருந்தா. சும்மா எரியுதேன்னு நான் கீழ அணைச்சிட்டேன். இருட்டுல ஏழாவது படியிலேர்ந்து விழுந்துட்டா. நாந்தான் தம்பி."

குரலில் அழுகை இல்லை, எதுவுமே இல்லை. மெயினை அணைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

கீழ் சுவிட்ச் இருந்த இடத்தில் டைமரைப் பொருத்தினேன். மேல் சுவிட்சைக் கழற்றி, வயர்களை முறுக்கி டேப் சுற்றி, வெறும் பிளேட் போட்டு மூடி, மெயினை ஆன் செய்தேன். ஆறு மணிக்கு எரிந்தால் விடியும்வரை எரியும். யார் கையும் அணைக்க முடியாது.

கோயிலில் ஆறு மணி அடித்தது. விளக்கு எரிந்தது. சார் சிலுவை போட்டுக்கொண்டு ஏறினார்.

ஏழாவது படி.

டக்.

சத்தம் வெறும் பிளேட்டுக்குப் பின்னாலிருந்து வந்தது. இருட்டு. டைமரில் டெஸ்டர் வைத்தேன், கரண்ட் இருந்தது.

சார் சுவரைப் பிடித்து இறங்கி வந்தார்.

"மேல் சுவிட்சத் திரும்ப மாட்டிருங்க."

"எதுக்கு சார்?"

"சுவரத் தடவித் தேடுறா. கேக்கலையா?"

கேட்டது. மேலே சுண்ணாம்பில் நகம் உரசிக்கொண்டிருந்தது.

டார்ச் வெளிச்சத்தில் ஏறி மாட்டினேன். ஏன் ஓடவில்லை என்று இன்றும் தெரியவில்லை. விளக்கு எரிந்ததும் உள்ளங்கையால் சுவிட்சை அழுத்தி மூடிக்கொண்டேன்.

"நான் புடிச்சுக்கிட்டேன் சார். பாத்து ஏறுங்க."

அவர் ஏறினார். ஐந்து. ஆறு.

என் உள்ளங்கைக்கும் சுவிட்சுக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தது. சில்லென்று, அவசரமே இல்லாமல்.

டக்.

கையை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. இருட்டில் சார் நிற்கவில்லை, ஏறிக்கொண்டே இருந்தார். மெதுவாகச் சொன்னார்.

"நீ எறங்காத ஜெபமால. நானே வாரேன்."

என் பக்கத்தில் நின்றிருந்த அது, அவரை நோக்கி ஒரு படி இறங்கியது.