நாயோடு நின்ற வைரவர்

இரும்பு ஒன்று கல்தரையில் விழுந்த சத்தம். அது பேராலயம் முழுவதும் ஓடி, உயரக் கூரையில் மோதித் திரும்பி வந்து, சிவலிங்கத்தின் காலடியில் அடங்கியது.

துடைப்பத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தான். எதுவும் விழுந்திருக்கவில்லை. நண்பகலில் கதவுகளைப் பூட்டிவிடுவார்கள். இரண்டு மணிவரை உள்ளே துப்புரவு செய்யும் அவனும் யேசுதாசனும் மட்டும்தான். எண்பத்தாறில் அகதியாகச் சுவிஸ் நாட்டுத் திச்சீனோவுக்கு வந்தவனுக்குக் கிடைத்த முதல் வேலை இது.

நவம்பர் மழை கண்ணாடிகளில் வழிய, மெழுகும் ஈரக்கல்லும் சாம்பிராணியும் கலந்த வழக்கமான மணத்துக்கு அடியில் இன்று வேறொன்றும் மெல்ல எழுந்தது. காய்ந்த புகையிலை. ஊரில் தம்பி தவச்செல்வன் ஆமிக்குப் பயந்து ஒளிந்திருக்கும் புகையிலைக் கொட்டிலின் மணம்.

யேசுதாசன் வாளியோடு வந்தான். பக்கப் பீடத்தின் மேல், முந்நூறு வருட மெழுகுப் புகையில் கறுத்துப்போன பெரிய ஓவியம். அதன் கீழே கிடந்த செவ்வந்திப் பூக்களைக் காட்டி, யார் வைத்தது என்று கேட்டான்.

தான்தான் என்றான் சிவலிங்கம். ஒரு மாதமாக வைக்கிறான். இருட்டில் தெரிந்ததெல்லாம் ஓங்கிய வாள், மறுகையில் முடியைப் பிடித்துத் தூக்கிய தாடிக்காரத் தலை, காலடியில் அண்ணாந்து பார்க்கும் நாய். ஊர்க் கோயில் வைரவரே வந்து நிற்பதுபோல் இருந்தது. ஐயரிடம் அர்ச்சனைக்குச் சொல்வதுபோலத் தம்பியின் பெயரையும் நட்சத்திரத்தையும் தினமும் சொல்லி, அவன் உயிர் தப்பினால் போதும் என்று நேர்ந்திருந்தான். நேற்று கொட்டிலுக்குப் போகும் ஒழுங்கையையும் சொன்னான், அங்கே போய்க் காவல் நிற்கட்டுமென்று.

யேசுதாசன் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினான்.

"அண்ணை, அவன் சாமியில்லை. தலை வெட்டுறவன். கையில தொங்கிற தலைதான் யேசுவுக்கு ஞானஸ்நானம் குடுத்த எங்கட ஸ்நாபக அருளப்பர். சுவாமியார் கண்டாரெண்டால் உங்கட தலையையும் அந்தப் படத்தில கீறிவிடுவார்."

நல்லாய்ப் பாருங்கோ என்று ஓவியத்துக்கான விளக்கைப் போட்டுவிட்டு, ஏணி எடுக்க உள்ளறைக்குப் போனான். அவனது காலடிச் சத்தம் தேய்ந்தது. ஒரு கதவு மூடியது.

சிவலிங்கம் நிமிர்ந்தான்.

வாள் ஓங்கியிருக்கவில்லை. இறங்கியிருந்தது. நுனி ஈரம்.

நாய் அண்ணாந்து பார்க்கவில்லை. குனிந்து எதையோ நக்கிக்கொண்டிருந்தது.

புகையிலை மணம் கூடியது.

தலைக்குத் தாடி இல்லை. இளம் முகம். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தது. சிவலிங்கம்தான் அன்று தூக்கிக்கொண்டு ஓடினான். முடியில் புகையிலைத் தூள்.

கண்கள் திறந்தன. பிறகு உதடுகள்.

"நான் ஒளிச்சிருந்த இடத்தை ஏன் அண்ணை இவனுக்குச் சொன்னனீங்கள்?"